குஞ்சு கண் சிமிட்டும் வரை

மாதத்துக்கு நாலைந்து முறையாவது வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வந்து விழும்: "சார், பிராய்லர் வேக்சின் சார்ட் ஒண்ணு அனுப்புங்க." அனுப்புகிறவர் புதிதாக ஷெட் போட்டிருப்பார். பெரியபாளையம், கும்மிடிப்பூண்டி, பொன்னேரி என்று பல ஊர். சில நேரம் மணலி புதுநகரில் மொட்டை மாடியில் இருநூறு நாட்டுக்கோழி.

சார்ட் என்பது அரைப்பக்க சமாச்சாரம். ஏழாம் நாள் வெள்ளைக் கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பு மருந்து கண் சொட்டு, பதினாலாம் நாள் கம்போரோ நோய்க்கான மருந்து தண்ணீரில், இருபத்தொன்றாம் நாள் மறுபடி லசோட்டா தண்ணீரில். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். நான் உடனே அனுப்புவதில்லை. குஞ்சு எங்கே எடுக்கிறீங்க, ஒரே இடத்துக் குஞ்சா, தண்ணி எங்கேருந்து வருது என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேர் அதோடு காணாமல் போய்விடுவார்கள். ஒரு சார்ட் கேட்டதுக்கு இந்த ஆள் இவ்வளவு பேசுகிறானே என்று நினைத்திருக்கலாம். 2012 கோடையில், அதே அரைப்பக்கத்தை ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அவருடைய ஷெட் வாசலில் போய் நின்றவன் நான்.

அவர் மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவர். வந்த பணத்தில் மீஞ்சூரைத் தாண்டி நாலாயிரம் கோழிக்கு ஷெட் போட்டிருந்தார். எந்த கம்பெனியோடும் ஒப்பந்தம் இல்லை. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் சொந்தக் காசு. படுக்கைக்கு உமி செங்குன்றம் ரைஸ் மில்லிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். எனக்குப் படிப்பு முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. "டாக்டர் தம்பி" என்று கூப்பிடுவார். நான் எழுதிக் கொடுத்த தாளை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஷெட் தூணில் ஆணியடித்து மாட்டியிருந்தார்.

முதல் இரண்டு பேட்ச் நன்றாகவே போனது. மூன்றாவது பேட்ச், இருபத்துநாலாம் நாள் காலை ஆறு மணிக்கு போன். நாற்பது செத்திருக்கிறது. நான் போய்ச் சேர்வதற்குள் இன்னும் பத்து. உயிரோடிருந்தவை சிறகைச் சிலிர்த்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டுக் குவியல் குவியலாக உட்கார்ந்திருந்தன. எச்சம் வெள்ளையாக, தண்ணீராகப் போயிருந்தது. பூவரச மரத்தடியில் தீவனச் சாக்கை விரித்து மூன்றை அறுத்தேன். தொடைத் தசையில் ரத்தக் கீறல்கள், யாரோ சிவப்பு மையில் பேனா ஓட்டிப் பார்த்த மாதிரி. எச்சத் துவாரத்துக்கு மேலே, முதுகுப் பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் பர்சா இரண்டு மடங்கு வீங்கி, மேலே மஞ்சளாக ஜெல்லி படர்ந்திருந்தது. கோழியின் எதிர்ப்புச் சக்திக்கான செல்கள் பயிற்சி பெறும் பள்ளிக்கூடம் அந்தச் சின்ன உறுப்புதான். கம்போரோ வைரஸ் நேராகப் போய்ப் பிடிப்பதும் அதைத்தான்.

கம்போரோ என்பது அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்தில் இருக்கும் ஒரு சிற்றூரின் பெயர். 1962இல் அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் இருந்துதான் இந்த நோய் முதலில் விவரிக்கப்பட்டது. கோழி நோய்களுக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொள்வது ஒரு வழக்கம் போலிருக்கிறது. வெள்ளைக் கழிச்சலுக்கு இங்கிலாந்தில் நியூகாசில், நமக்கு ராணிக்கெட். நம் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பலர் அதை "ராணிப்பேட்டை நோய்" என்றே சொல்வார்கள். ராணிக்கெட் இமயமலைப் பக்கத்துக் குமாவோனில் இருக்கிறது, நம் ராணிப்பேட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஆரம்பத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். ஆனால் ராணிப்பேட்டையில் 1932இல் தொடங்கிய அரசு நிறுவனம்தான் கழிச்சலுக்குத் தடுப்பூசி தயாரிக்கிறது. குப்பியின் மேல் ராணிப்பேட்டை என்று அச்சிட்டிருந்தால் அவர் வேறு என்ன சொல்வார்? திருத்துவதை விட்டுவிட்டேன்.

மறுநாள் நூற்றுப்பத்து. அதற்கடுத்த நாள் நூற்று அறுபது. பிறகு எழுபது, பிறகு முப்பது. கம்போரோவின் சாவுக் கணக்கு அப்படித்தான், மலை மாதிரி ஏறி மலை மாதிரி இறங்கும். அந்த ஐந்து நாளும் அவர் என்னைத் திட்டவேயில்லை. ஐந்தாம் நாள், தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை ரப்பர் பேண்ட் போட்டு எடுத்து வந்து காட்டினார். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் பென்சிலில்: லசோட்டா சொட்டு, காலை. கம்போரோ, தண்ணியில், ஏழு மணி. "நீங்க எழுதின தேதி ஒண்ணுகூடத் தவறலையே தம்பி" என்றார். கேள்வியா, புகாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாதவரம் பால்பண்ணையில் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்கு மாதிரிகளை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிட்டு அவரைப் பார்க்கப் போனபோது, நோய் என்ன என்பதை அவர் கேட்கவேயில்லை.

"தண்ணி எங்கேருந்து?"

"லாரி சார்."

"லாரியா? அப்ப குளோரின்?"

மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. கிணற்றுத் தண்ணீர் உப்பு. கோடையில் எல்லோருக்கும் லாரிதான். மனிதர் குடிக்கிற தண்ணீரில் குளோரின் இருக்க வேண்டும், அதில் யார் மேலும் தப்பில்லை. ஆனால் அதே குளோரின், உயிருள்ள தடுப்பூசி வைரஸை நிமிடக் கணக்கில் கொன்றுவிடும். குளோரின் இருந்தால் தண்ணீரை மஞ்சளாக்கிக் காட்டும் சொட்டு மருந்து ஒன்றை, சின்ன பாட்டிலில், அவர் மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அன்று சாயந்திரம் ஷெட் தொட்டியிலிருந்து ஒரு சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து இரண்டு சொட்டு விட்டேன். எலுமிச்சை மாதிரி மஞ்சள். பதினாலாம் நாள் காலை ஏழு மணிக்கு அவர் கலந்ததும் இதே தொட்டித் தண்ணீரில்தான். தேதி தவறவில்லை, நேரம் தவறவில்லை; செத்த மருந்தைத்தான் நாலாயிரம் கோழி குடித்திருக்கிறது.

இதற்கு வழி மிகச் சாதாரணமானது. கொழுப்பு நீக்கிய பால்பவுடரை லிட்டருக்கு 2 முதல் 5 கிராம் வரை கரைத்து, கால் மணியிலிருந்து அரை மணி நேரம் விட்டுவிட்டு, அதன் பிறகு தடுப்பூசியைக் கலக்க வேண்டும். பாலின் புரதம் குளோரினைப் பிடித்துக்கொள்ளும். குழாய், தொட்டி கழுவுகிற கிருமிநாசினியை முந்தின நாளே நிறுத்திவிட வேண்டும். இது என் கல்லூரி நோட்டில் இருந்தது. நான் எழுதிக் கொடுத்த அரைப்பக்கத்தில் இல்லை. பால்பண்ணை பஸ் ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்குப் போகிறவன் நான், எனக்குப் பால்பவுடர் ஞாபகம் வரவில்லை.

விஷயம் தண்ணீரோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவு தேவையில்லை. ஆசிரியரின் இரண்டாவது கேள்வி, "குஞ்சு எல்லாம் ஒரே தாயா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பண்ணைக்காரருக்குத் தெரிந்திருந்தது. அவர் முதல் நாளே கவனித்திருக்கிறார்: "பாதிப் பெட்டியில குஞ்சு பொடிசா இருந்துச்சு தம்பி, மீதி நல்லா கொழுகொழுன்னு. நாளாக நாளாக சரியாயிடும்னு விட்டுட்டேன்." இளம் பெட்டைகளின் முட்டை சிறியது, குஞ்சும் சிறியது. வயதான பெட்டையின் குஞ்சு பெரியது. அதாவது இரண்டு வேறு தாய்க்கூட்டத்தின் குஞ்சுகள் ஒரே ஷெட்டில் இறங்கியிருக்கின்றன. இதெல்லாம் இந்தத் தொழிலில் அன்றாடம் நடக்கிற காரியம்தான்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கம்போரோ திட்டத்தின் மொத்தச் சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். முட்டை விடும் முன் தாய்க்கோழிக்கு ஊசி போட்டிருப்பார்கள். அந்த எதிர்ப்புச் சக்தி மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கு இறங்கும். தாய் கொடுத்த அந்தச் சீதனம் முதல் வாரங்களில் குஞ்சைக் காக்கிறது. நாம் கொடுக்கும் தடுப்பூசி வைரஸையும் அதுவே கொன்று போடுகிறது. சீக்கிரம் கொடுத்தால் மருந்து வீண். தாமதமாகக் கொடுத்தால் வெளியில் இருக்கும் வைரஸ் முந்திக்கொள்ளும். சீதனம் பிராய்லர் குஞ்சில் சுமார் மூன்று நாளைக்கு ஒரு முறை பாதியாகும். முட்டைக்கோழிக் குஞ்சில் மெதுவாக, ஐந்து நாள் ஆகும்.

ரத்தத்தில் அந்தச் சீதனத்தை அளக்கும் எலைசா பரிசோதனையில் ஒரு குஞ்சுக்கு 4000 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர வீரியமுள்ள கம்போரோ தடுப்பூசி உள்ளே நுழைய வேண்டுமானால் அது 125 அளவுக்கு இறங்க வேண்டும். 4000, 2000, 1000, 500, 250, 125. ஐந்து முறை பாதியாக வேண்டும், பதினைந்து நாள். இன்னொரு குஞ்சுக்கு 1000 என்றால் மூன்றே முறை, ஒன்பது நாள். என் தாளில் இருந்த பதினாலாம் நாள் முதல் குஞ்சுக்குக் கிட்டத்தட்டச் சரி. இரண்டாவது குஞ்சு ஐந்து நாளாகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு, 1990களின் தொடக்கத்திலிருந்து இந்தியாவில் சுற்றும் அதிவீரிய கம்போரோ, தடுப்பூசி நுழைய முடியாத அளவு சீதனம் இருக்கும்போதே நுழைந்துவிடும். அந்த ஷெட்டுக்குச் சரியான ஒற்றைத் தேதி என்று ஒன்று கிடையவே கிடையாது. பதினொன்று, பதினெட்டு என்று இரண்டு முறை கொடுத்திருக்க வேண்டும், அல்லது இரண்டு கூட்டத்தையும் பிரித்து இறக்கியிருக்க வேண்டும்.

ஒரு நாள் வயதுக் குஞ்சுகளில் இருபது ரத்த மாதிரி எடுத்து எலைசா பார்க்கப் பெரிய பண்ணைக்குக் கட்டுப்படியாகும். நாலாயிரம் கோழிக்காரரிடம் அதைச் சொன்னால் சிரிப்பார். அவருக்கு நான் சொல்வது, பெட்டி இறங்கும்போது பத்துப் பத்துக் குஞ்சாக எடை போடுங்கள், குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் தாய்க்கோழியின் வயசைக் கேளுங்கள் என்பதுதான். கேட்டால் சொல்கிறார்கள். கேட்கிறவர்தான் குறைவு.

நாலாவது பேட்ச்சுக்குக் கண் சொட்டு போட, அவருக்குத் தெரிந்த ஒரு பெண்கள் குழு புழலிலிருந்து வந்தது. ஐந்து பேர். தலைமை தாங்கின அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். பகல் வெயிலில் வேண்டாம், ராத்திரி எட்டு மணிக்கு மேல் வருகிறேன் என்று அவரே சொல்லிவிட்டார். வெளிச்சம் குறைவாக இருந்தால் குஞ்சு ஓடாது, மூச்சு வாங்காது. நானும் உதவுகிறேன் என்று ஒரு சொட்டு பாட்டிலை எடுத்தேன். இடது கையில் குஞ்சு, கட்டைவிரலால் தலையைச் சாய்த்து, கண் மேலாக, பாட்டிலை நேராகக் கவிழ்த்து ஒரு சொட்டு. கீழே விடு. அடுத்தது. பத்துக் குஞ்சில் எனக்கு வேகம் வந்துவிட்டது. அக்கா பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா சார் அவசரம்? அது கண்ண மூடித் தொறக்கட்டும். நீ வுட்டது உள்ள போச்சா இல்லியான்னு அதான் சொல்லும்."

நான் விட்ட குஞ்சு ஒன்றைத் துரத்திப் பிடித்து வந்து காட்டினார். கன்னத்து மயிரில் நீலமாக ஈரம். சொட்டு வெளியே வழிந்திருக்கிறது. அவர் போட்டதை எடுத்து அலகை விரித்தார். அண்ணத்தில் நீலம். கண்ணில் விடுவது மூக்கு வழியாக வாய்க்கு வந்துவிடும், அதற்காகத்தான் கரைசலில் நீலச் சாயம். கண்ணுக்குப் பின்னால் ஹார்டேரியன் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது, மூச்சுப்பாதையின் முதல் காவல் அது, அங்கே போய்ச் சேரத்தான் கண் சொட்டு என்று நான் பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். ஒரு சிமிட்டலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டு விநாடி. நாலாயிரம் குஞ்சுக்கு எட்டாயிரம் விநாடி. ஐந்து பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு அரை மணி நேரம்கூட இல்லை. அந்த அரை மணியைத்தான் எல்லோரும் திருடுகிறார்கள்.

அக்கா இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். காலிக் குப்பிகளைத் தூக்கி எறியவே மாட்டார், வரிசையாக நிறுத்தி வைப்பார். ஆயிரம் டோஸ் குப்பிக்கு முப்பது மில்லி கரைசல். ஒன்று முடிந்தால்தான் அடுத்ததை உடைக்க வேண்டும். கலந்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. நாலாயிரம் குஞ்சுக்கு நாலு குப்பி. கடைசியில் ஒரு குப்பி மீந்தால் மிச்சம் பிடித்ததாக முதலாளிகள் சந்தோஷப்படுவார்கள். மீந்தது மருந்து இல்லை. சொட்டு படாத ஆயிரம் குஞ்சு. முன்பு சொட்டு போட நான் வைத்திருந்த ஆள் ஒவ்வொரு பேட்ச்சிலும் அரைக் குப்பி மிச்சம் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பாராட்டியிருக்கிறேன்.

நாட்டுக்கோழி வளர்க்கிறவர்கள் விஷயத்தில் வேறு மாதிரி தவறு நடக்கும். மணலி புதுநகர் மொட்டை மாடிக்காரர் ஒருவர், "சொட்டு மருந்து சின்னப் பிள்ளைங்களுக்கு, ஊசிதான் பவரு" என்று யாரோ சொல்லக் கேட்டு, மூன்று வாரக் குஞ்சுக்கு ஆர்2பி போட்டுவிட்டார். ஆர்2பி முக்தேஸ்வரில் உருவான, வீரியம் அதிகமான ராணிக்கெட் தடுப்பூசி. எட்டு வாரம் தாண்டி, அதுவும் முன்னால் லசோட்டாவோ எஃப் ஸ்ட்ரெயினோ மாதிரி வீரியம் குறைந்த ஒன்றைப் போட்டுப் பழக்கின கோழிக்குத்தான். பழகாத குஞ்சுக்குத் தடுப்பூசியே நோயாகிவிடும். ஒரு வாரத்தில் முப்பது குஞ்சு காலை இழுத்துக்கொண்டு, கழுத்தைத் திருகிக்கொண்டு கிடந்தன. படியேறும் வரிசை என்பது சார்ட்டில் அலங்காரத்துக்கு எழுதுவதில்லை.

அம்மை ஊசிக்கு மட்டும் நான் கோழியின் வயசோடு வானத்தையும் பார்ப்பேன். கோழி அம்மையைப் பரப்புகிறதில் கொசுவுக்குப் பெரிய பங்கு. எண்ணூரிலும் வியாசர்பாடியிலும் இருக்கிறவர்களுக்குக் கொசுவைப் பற்றி நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஐப்பசி மழைக்கு முன்னாலேயே, முட்டைக்கோழிக்கும் நாட்டுக்கோழிக்கும் இறக்கைச் சவ்வில் இரட்டை முள் ஊசியால் குத்திவிட வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து இறக்கையைத் தூக்கிப் பார்த்தால் குத்தின இடத்தில் சின்னப் பொருக்கு தெரியும். தெரியாவிட்டால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பிடித்ததா இல்லையா என்று கண்ணாலேயே பார்த்துவிட முடிகிற தடுப்பூசி என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

மழை என்றதும் வர்தா புயல் ஞாபகம் வருகிறது. 2016 டிசம்பர் 12. எங்கள் பக்கம் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜில் எட்டுப் பண்ணைக்கான மருந்து. இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போய், மீனுக்கு உடைத்துப் போடும் ஐஸை வாங்கி வந்து தெர்மாகோல் பெட்டிகளில் நிரப்பினேன். கொன்ற வைரஸில் செய்து எண்ணெய் கலந்த தடுப்பூசி உறைந்துவிட்டால் திரிந்து போகும், அதனால் அந்த பாட்டில்களை மட்டும் பழைய பேப்பரில் சுற்றி ஐஸ் படாமல் வைத்தேன். பாதியைக் காப்பாற்றினேன், சந்தேகம் வந்த மீதியைக் குழி தோண்டிப் புதைத்தேன். காப்பாற்றின குப்பிகளில் மாதக்கணக்கில் வஞ்சிர வாடை.

மீஞ்சூர்க்காரர் இன்னும் பண்ணை நடத்துகிறார். தூணில் அந்தப் பிளாஸ்டிக் உறை இருக்கிறது, உள்ளே இருக்கும் தாள் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் மாறும். இப்போது முதல் வரியில் தேதி இருக்காது. தாய்க்கோழியின் வயசும், பத்துக் குஞ்சின் எடையும், தண்ணீர் மஞ்சளாச்சா இல்லையா என்பதும் இருக்கும். அதற்குக் கீழேதான் மருந்துகள். போன வாரம் ஏழாம் நாள் சொட்டுக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு இப்போது கண் பார்வை கொஞ்சம் மங்கல், மருமகள்தான் சொட்டு விடுகிறாள். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, போட்டு விட்ட குஞ்சுகளில் கைக்கு வந்ததைப் பிடித்து, டார்ச் அடித்து, அலகை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தரை மணிக்கு முடிந்தது. மூணு குப்பி காலி, நாலாவதில் அடியில் ஒரு விரற்கடை நீலம் நின்றது.

அக்கா அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "நூறு குஞ்சு இருக்கும்" என்றார். மருமகள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து, கன்னத்தில் நீலம் வழிந்திருக்கும் குஞ்சுகளைத் தேடத் தட்டிக்குள் இறங்கினாள்.